கம்பளிகளுக்கு நடுவே ஒரு விரிவுரை

காலை பத்தேகாலுக்கு எங்கள் மலையக ஊரான லிந்துலையில் மழை பிடித்தது. அப்போதுதான் எங்கள் வீட்டு முன்னறையில் டொக்டர் ஒருவர் நீரிழிவு பற்றிப் பேசத் தொடங்கியிருந்தார். பல்கலைக்கழகத்தில் தற்காலிக விரிவுரையாளரான என் மகள் கவிதா, தன் மாணவர்களுக்காக அவருடைய விரிவுரையைப் பதிவுசெய்துகொண்டிருந்தாள். பன்னிரண்டு மணிக்கு அவர் விமான நிலையத்துக்குப் புறப்பட வேண்டும்.

ஹெட்போன் மாட்டியிருந்த கவிதா நிமிர்ந்தாள். “அம்மா, மழையத் தவிர ஒன்னுமே கேக்கல! நம்ம வீட்டுல சத்தமே இருக்காதுன்னு நீங்கதானே சொன்னீங்க?”

சொன்னது நான்தான். பிறந்ததிலிருந்து தகரக் கூரைக்குக் கீழேயே வாழும் எனக்கு மழை ஒரு சத்தமாகவே பட்டதில்லை. என்னால் அவள் வேலை போய்விடுமோ என்று பயந்தேன்.

சட்டென்று நஸீர் நானாவின் துணிக்கடை நினைவுக்கு வந்தது. கொங்கிரீட் மாடிக் கட்டடம். பின்னறை நிறையக் கம்பளிகள். மூவரும் குடை பிடித்துக்கொண்டு ஓடினோம்.

“உள்ள போங்க டீச்சர். ஒருத்தரையும் வாயத் தொறக்க விடமாட்டேன்,” என்றார் நானா கவிதாவிடம்.

அங்கே பேச்சு தெளிவாகப் பதிவானது. நடுவில் கவிதா சிரித்துக்கொண்டே ஹெட்போனை என் காதில் மாட்டினாள். வெளியே கொட்டும் மழையின் சுவடே இல்லை. என் வீட்டில் எவ்வளவு இரைச்சல் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இன்றும் மழை பிடித்தால் அந்த இரைச்சல்தான் முதலில் கேட்கிறது.

முடித்துக் கதவைத் திறந்தோம். தேயிலைத் தோட்டத்திலிருந்து கம்பளி வாங்க வந்த அம்மா ஒருவர் வாசலில் நின்றிருந்தார்.

“கதவோரமா நின்னு முழுசும் கேட்டேங்க, நல்லா வெளங்குச்சு. நானா குடுத்த தேத்தண்ணிக்குக்கூட சீனி வேணாம்னுட்டேன். இப்பயாச்சும் ஒரு கம்பளி எடுத்துக்கலாமா?”