இருட்டில் நிற்க வேண்டிய கிடாய்

எங்கள் உம்மாவுக்கு என் படிப்பு பிடிக்காது என்றில்லை. ஆடுகளைப் பிடித்த அளவுக்குப் பிடிக்காது, அவ்வளவுதான்.

அப்போது நான் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவி. இருட்டானதும் உடம்பில் சுரக்கும் மெலடோனினை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகள் விழித்திரையிலும் உண்டு. எல்லா உயிரணுக்களிலும் ஒரே அளவில் இல்லை. ஒளியை உணரும் உயிரணுக்களில் ஒரு மாதிரி, மூளைக்குச் சேதி அனுப்பும் உயிரணுக்களில் வேறு மாதிரி. இரவெல்லாம் இருட்டில் இருந்த கண்ணில் இந்தப் பங்கீடு மாறுகிறதா என்று பார்ப்பதே என் வேலை. அதற்கு ஆட்டுக் கண் வேண்டும். கண்ணுக்காகவே ஓர் ஆட்டை அறுக்க மனம் வரவில்லை. வெளிச்சத்தில் நின்ற ஆட்டின் கண் இறைச்சிக்கடையில் எத்தனையும் கிடைக்கும். என் இருட்டுக்காக யார் மெனக்கெடுவார்கள்? வாப்பா மெனக்கெட்டார். ஹஜ்ஜுப் பெருநாளில் அறுத்துக் குர்பான் கொடுக்க வாங்கிய கிடாயை, முந்திய மாலையே உக்குவளையில் எங்கள் வீட்டின் பின்கொட்டிலில் கட்டி, இடுக்கெல்லாம் சாக்கால் அடைத்தார். ஆய்வை முடிக்க அந்த ஒரு சோடிக் கண்தான் பாக்கி.

பெருநாள் காலையில் போய்ப் பார்த்தால் கொட்டிலுக்குள் பல்ப் பளிச்சென்று எரிகிறது. கிடாய் நிம்மதியாகப் பலா இலை தின்றுகொண்டிருக்கிறது.

"உம்மா, யாரு லைட்டப் போட்டது?"

"நான்தான் மகள். இருட்டுக்குள்ள கத்திக்கிட்டே இருந்திச்சு. குர்பானுக்குப் போற ஜீவன், கடைசி ராவு பயந்துகிட்டா நிக்கணும்?"

"என் படிப்பே போச்சு!"

"படிப்பு அடுத்த வருஷமும் இருக்கும். அதுக்கு இன்னக்கி மட்டுந்தானே."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். பெருநாள் சாப்பாடே வேண்டாம் என்று முறுக்கிக்கொண்டு நின்றேன். உம்மா சட்டை செய்யவில்லை. பொரித்த ஈரல் தட்டோடு பின்னாலேயே வந்து, ஊட்டாத குறையாகத் தின்ன வைத்தார். வாப்பா சாக்குகளை அவிழ்த்தபடி சிரித்தார். அந்தக் காலைக்கு ஒருமுறை திரும்பிப் போக முடிந்தால் போதும் என்று இப்போதெல்லாம் ஏங்குகிறேன்.

ஆய்வு அடுத்த பெருநாள் வரை இழுத்தது. அதற்குள், நோன்புக்குச் சற்று முன்பு, உம்மா மௌத்தாகி எங்களை விட்டுப் போய்விட்டார்.

அந்த வருடமும் வாப்பா கிடாயைக் கொட்டிலில் கட்டி சாக்கால் அடைத்தார். அது வெகுநேரம் கத்தியது. நாங்கள் இருவரும் கேட்டுக்கொண்டு படுத்திருந்தோம், எழுந்து போகவில்லை.

சாயமேற்றி நுண்ணோக்கியில் வைத்தபோது ஏற்பிகள் உள்ள உயிரணுக்கள் பச்சையாக, துலக்கமாகத் தெரிந்தன. பேராசிரியர் குனிந்து பார்த்துவிட்டு, "இவ்வளவு நல்ல மாதிரி இதுவரைக்கும் வரல்லயே" என்று பாராட்டினார். எனக்கோ, அந்தக் கண்களும் யாரோ லைட்டைப் போட்டுக் கெட்டுப்போயிருந்தால் தேவலை என்றிருந்தது.