முத்தாயி அக்கா கைதட்டிய கோல்

முத்தாயி அக்கா எதற்காகக் கைதட்டினார்? இறுதி ஆட்டம் முடிந்து லாரி திரும்பிய வழியெல்லாம் எல்லாரும் கேட்ட கேள்வி இது. எனக்கும் பதில் தெரியவில்லை. அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. இப்போது பள்ளிக்கூடத்தை விட்டு வந்து, வேலை கிடைக்காமல் லாபு ரோட்டில் சைக்கிளில் அலைகிறேன். பதில் கிடைத்துவிட்டது. அதனால் எழுதுகிறேன்.

அது, வெள்ளைக்காரர் ஆட்சி கம்யூனிஸ்டுகளை ஒடுக்க அறிவித்த அவசரகாலம். எங்கள் ரப்பர் தோட்டத்து லய வீடுகளைச் சுற்றி முள்கம்பி வேலி. மாலை ஆறு மணிக்குள் எல்லாரும் உள்ளே வந்துவிட வேண்டும். காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்று ஒரு பிடி சோற்றைக்கூட வெளியே கொண்டுபோக விடமாட்டார்கள். அந்த வேலிக்குள் எங்களுக்கு மிஞ்சியிருந்த சந்தோஷம் பந்துதான்.

பால்மரம் வெட்டும் முத்தாயி அக்கா, ஆட்டம் என்றால் எங்கள் கோல் கம்பத்துக்குப் பக்கத்தில்தான் நிற்பார். கோல் கீப்பர் சன்னாசி அண்ணனைத் திட்டுவதற்கு அதுதான் வசதியான இடம்.

"ஏண்டா, பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி நிக்கிற? பந்து வருது பாரு."

அந்த வருடம் நாங்கள் இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டோம். எதிரில் வரப்போவது யார் என்று தெரியவில்லை. நீலாய், ரஹாங், மலைத்தோட்டம், மூன்றில் ஒன்று. விடியற்காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டில் தினமும் அதே பேச்சு.

"நீலாய்க்காரனுங்க வந்தா நல்லது லா," என்றார் சன்னாசி அண்ணன். "ஒசந்த பந்து வந்தா அவனுங்க கீப்பர் கோல விட்டுட்டு ஓடியாந்துருவான்."

"ரஹாங் பயலுங்க வந்தாலும் பாத்துக்கலாம்," என்றார் அக்கா. "பூட்ஸ் போட்டுக்கிட்டு மழையில வழுக்கி வுழுவானுங்க. ஆனா எனக்கு மலைத்தோட்டம்தான் வரணும்."

பெரட்டே சிரித்தது. மலைத்தோட்டம் பல வருடங்களாகக் கோப்பையை விட்டுக்கொடுக்காத குழு.

"அக்காவுக்கு மண்ட கொழம்பிருச்சு," என்றார் சன்னாசி அண்ணன்.

"எவன் வந்தா என்னா? நீ ஒழுங்கா புடிச்சா போதும் லா."

அவருடைய மகள் பஞ்சாலையை மலைத்தோட்டத்தில்தான் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அந்த மலைப்பாதையில் கம்யூனிஸ்டுகள் ஒரு பஸ்ஸை எரித்துவிட்டதால் பஸ் ஓடுவதே நின்றுபோயிருந்தது. பஞ்சாலைக்குப் பிறந்த பையன் தவழத் தொடங்கியும் அக்கா அவன் முகத்தைப் பார்க்கவில்லை. மலைத்தோட்டம் ஜெயித்தால் இறுதி ஆட்டம் அவர்கள் திடலில்தான். எங்கள் லாரிக்குப் போலீஸ் காவலும் கிடைக்கும்.

மலைத்தோட்டமே வந்தது.

புறப்படும்போது கேட்டில் சோதனை. அக்கா பேரனுக்காகப் பிடித்து வைத்திருந்த பொட்டுக்கடலை உருண்டைகளைப் போலீஸ்காரர்கள் பறித்துக்கொண்டார்கள். மிஞ்சியது ஒரு சின்னச் சிவப்புச் சட்டை மட்டும். எங்கள் குழுவுக்குச் சட்டை தைத்த துணியில் மிச்சமானதை வாங்கி அக்காவே கையால் தைத்தது.

திடலில் பஞ்சாலை இல்லை. அவர்கள் லயத்தில் அன்று வீடு வீடாகச் சோதனையாம். முடியும்வரை யாரையும் வெளியே விடவில்லை. இங்கே ஆட்டம் தொடங்கிவிட்டது. ஆட்டம் முடிந்த விசில் ஊதியதும் எல்லாரும் லாரியில் ஏறிவிட வேண்டும், யாருக்காகவும் நிற்காது என்று காவலுக்கு வந்த சார்ஜன் சொல்லிவிட்டார். நாங்கள் ஒரு கோல் போட்டோம். அக்கா அதைப் பார்க்கவில்லை. லயத்துப் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தார். சன்னாசி அண்ணனுக்கு அன்றைக்கு ஒரு திட்டுகூட விழவில்லை.

ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் சரிவில் ஆட்கள் இறங்கி ஓடிவந்தார்கள். நடுவில் பஞ்சாலை, இடுப்பில் குழந்தை. அக்கா ஓடிப்போய் எதிர்கொண்டார். குழந்தை போட்டிருந்த சட்டைக்கு மேலேயே சிவப்புச் சட்டையை மாட்டினார். அப்போதுதான் மலைத்தோட்டம் கோல் போட்டது. பந்து சன்னாசி அண்ணனின் கைக்கு அடியில் போய்விட்டது. எங்கள் பக்கம் எல்லாரும் தலையில் கைவைத்தோம். அக்கா மட்டும் படபடவென்று கைதட்டினார்.

ஒன்றுக்கு ஒன்று. அரை மணி கூடுதல் நேரம் கொடுத்தார்கள். அந்த நேரம் முழுவதும் அக்கா திடலுக்கு முதுகைக் காட்டி, பேரனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாங்கள் தோற்றோம்.

லாரியில் சன்னாசி அண்ணன் கேட்டார். "அவனுங்க கோலுக்குக் கைதட்டுறீங்களே, நீங்க எந்தத் தோட்டத்து ஆளு?"

"நல்லா அடிச்சான்டா," என்றார் அக்கா.

அன்றிலிருந்து அவர் பெயர் 'மலைத்தோட்டத்து முத்தாயி'. அந்தப் பெயரையும் வாங்கிக்கொண்டு, அடுத்த ஆட்டத்துக்கு அதே கோல் கம்பத்தருகே வந்து நின்று சன்னாசி அண்ணனைத் திட்டினார்.

இப்போது எங்கள் பக்கத்தில் ஊரடங்கு இல்லை. மலைப்பாதையில் பஸ் மறுபடியும் ஓடுகிறது. போன மாதம் பஞ்சாலை அக்கா மகனோடு வந்திருந்தார். பைப்படியில் யாரோ அந்தப் பழைய பெயரைச் சொல்லிச் சிரிக்க, அவர் குடத்தை இறக்கி வைத்தார்.

"அந்த கோல் வுழுந்ததும் அம்மா என் காதுல என்னா சொன்னாங்க தெரியுமா? 'அப்பாடி, இன்னும் அரை மணி இருக்கு'ன்னாங்க. அதுக்குத்தான் தட்டுனாங்க."

தண்ணீர் பிடிக்க நின்ற சன்னாசி அண்ணன் பைப்பை மூடினார். பிறகு, "நல்லவேள, நான் புடிக்கல," என்றார்.

நீலாய், ரஹாங் திடல்களில், எதிராளி கோலுக்குக் கைதட்டிய பொம்பளை என்று இந்தக் கதையை இன்னமும் கேலியாகச் சொல்கிறார்களாம். உங்கள் காதில் அது விழுந்தால், சொல்பவரை நிறுத்தி அந்த அரை மணி நேரத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவரையும் நாலு பேருக்கு அப்படியே சொல்லச் சொல்லுங்கள்.