பன்னிரண்டு மணியும் ஒரு கோ-கோ ஃபைனலும்

1. தேவராஜ் எழுந்து நின்றார்

“ஃபாதர், எங்க புள்ளைங்களுக்கு ஓடறதுக்கு ஒரு டீச்சரு இன்னாத்துக்கு? வூட்லயே ஓடிக்கினுதான் கீதுங்க. இங்கிலீஷ் பேச கத்துக் குடுங்க, அது போதும்.”

பெற்றோர் கூட்டத்தில் இப்படிச் சொன்னவர் தேவராஜ். ஏரிப் பாசனத்தில் சொந்தமாக நெல் வயல் வைத்திருப்பவர். அவருடைய மூத்த மகள் தர்ஷினி எங்களிடம் நான்காம் வகுப்பு வரை படித்தவள். ஐந்தாம் வகுப்புக்கு அவளைப் பஸ் ரோட்டில் இருக்கிற இங்கிலீஷ் மீடியம் பள்ளிக்கு மாற்றிவிட்டார். வேன் வாசலுக்கே வருகிறது, டை கட்டிக்கொண்டு போகிறாள். இளையவள் கனிஷ்கா மட்டும் எங்களிடம் இரண்டாம் வகுப்பில் இருந்தாள். “இல்லன்னா ஜூன் மாசம் இவளையும் வேன்ல ஏத்திடுவேன்” என்று சேர்த்துச் சொன்னார். பின்வரிசையில் பல தலைகள் ஆடின.

நான் கழுத்தில் விசிலோடு சுவரோரம் நின்றிருந்தேன். என்னைப் பற்றித்தான் பேச்சு, ஆனால் என் முகத்தை ஒருவரும் பார்க்கவில்லை. உத்திரமேரூர்ப் பக்கம் ஒரு கிராமத்து மிஷன் ஆரம்பப் பள்ளி எங்களுடையது. எங்கள் மாதிரிப் பள்ளிக்கு அரசாங்கம் பீட்டி டீச்சர் போஸ்ட் தருவதில்லை. நிர்வாகமே கையிலிருந்து சம்பளம் போட வேண்டும், அதுவும் ஒருவருக்குத்தான் அவர்களால் முடியும். ஒன்று விசில், இல்லை ஸ்போக்கன் இங்கிலீஷ்.

தாளாளர் ஃபாதர் புதிதாக வந்தவர். தெற்கத்திக்காரர், எதிலும் அவசரப்படாதவர். கூட்டம் கலைந்ததும் என்னிடம் வந்தார்.

“சகாயராணி டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க. பிள்ளைங்க குறைஞ்சுக்கிட்டே போறாங்க. திருவிழா முடியட்டும், ஒரு முடிவு சொல்றேன்.”

“திருவிழாவுக்கு கோ-கோ டோர்னமெண்ட் வெச்சிருக்கோம் ஃபாதர். அத்தப் பாத்துட்டு சொல்லுங்க” என்றேன். கொஞ்சம் வெடுக்கென்றுதான் வந்தது. வருடக்கணக்காக வெயிலில் கத்திப் பழகிவிட்டதால் எனக்கு மெதுவாகப் பேச வராது.

2. மணி அடித்தால் சிலை

இந்த வேலைக்குப் புதிதாக வருகிற தம்பி தங்கைகள் எங்கள் பள்ளியின் வழக்கம் ஒன்றைத் தெரிந்துகொண்டால்தான் மீதிக் கதை புரியும்.

எங்கள் கிரவுண்டு பள்ளிக்கும் கோயிலுக்கும் நடுவில் இருக்கிறது. பகல் பன்னிரண்டுக்குக் கோயிலில் செப மணி அடிக்கும். மும்மூன்றாக மூன்று தடவை, அப்புறம் நீளமாக ஒரு தடவை. கேட்டவர்கள் கைவேலையை நிறுத்திவிட்டு மனதுக்குள் செபம் சொல்ல வேண்டும். முடிந்ததும் எல்லோரும் சேர்ந்து ஆமென். வகுப்பில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு அது சுலபம். நான்காம், ஐந்தாம் வகுப்புக்கு என் பீரியட் சரியாக அந்த நேரத்தில் விழுந்தது. பந்து காற்றில் இருக்கும், பிள்ளையின் கால் தரையில் இருக்காது, அப்போது பார்த்து அடிக்கும்.

முதல் வருடம் பாதிப் பேர் நிற்பார்கள், மீதிப் பேர் அதுதான் சாக்கு என்று நாலு எட்டு நகர்ந்துகொள்வார்கள். “மிஸ், நாங்க சாமி கும்புட்டுக்கினு இருக்க சொல்லோ இவ ஓடிட்டா மிஸ்” என்று தினமும் பஞ்சாயத்து. ஹெட்மிஸ்ட்ரஸ் சிஸ்டரிடம் எனக்கும் சேர்த்துத் திட்டு விழுந்தது. அப்புறம்தான் ஒரு சட்டம் போட்டேன். மணி அடித்தால் சிலை. எப்படி இருக்கிறாயோ அப்படியே. ஒற்றைக் கால் தூக்கியிருந்தால் ஒற்றைக் காலில். தலை திரும்பக் கூடாது, தோள் திரும்பக் கூடாது. ஆமென் சொன்ன பிறகு ஆட்டம் தொடரும். அசைந்தவர்கள் அன்றைக்கு முழுக்க வெளியே உட்கார வேண்டும்.

திட்டினால் பிள்ளைகள் சிரிப்பார்கள். ஆட்டத்தை விட்டு வெளியே உட்கார வைத்தால் அழுவார்கள். ஒரே மாதத்தில் கிரவுண்டே சிலையாக நின்றது. எங்கள் பிள்ளைகளில் பாதிக்கு மேல் ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற வீட்டுப் பிள்ளைகள். அவர்கள்தான் எல்லோரையும் விட அசையாமல் நின்றார்கள். ஒற்றைக் காலில் நின்று நின்று பேலன்ஸும் நன்றாக வந்துவிட்டது. சிஸ்டருக்குச் செபம் கிடைத்தது, எனக்குப் பயிற்சி கிடைத்தது.

3. சீஃப் கெஸ்ட் வரும் வரை

டோர்னமெண்ட் சுற்று வட்டார ஆரம்பப் பள்ளிகளின் பெண் பிள்ளைகளுக்கு. எங்கள் பெண்கள் ஒவ்வொரு மேட்சாக ஜெயித்து ஃபைனலுக்கு வந்தார்கள். எதிர்ப்பக்கம் வந்து நின்றது பஸ் ரோட்டுப் பள்ளி. அவர்களுடைய கேப்டன் தர்ஷினி.

அவளை எனக்குத் தெரியும். ஓடும்போது திடீரென்று உடம்பை ஒடித்துத் திரும்புவாள், துரத்துகிறவள் காற்றைத் தொட்டுவிட்டு நிற்பாள். அந்த வித்தையை அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான்.

“நம்ம தர்ஷினி மிஸ்” என்றாள் எங்கள் கேப்டன் நித்யா. அவளுடைய அம்மா அப்பா இருவரும் நாற்று நடவுக்கும் அறுப்புக்கும் கூலிக்குப் போகிறவர்கள். போன வருடம் வரை நித்யாவும் தர்ஷினியும் ஒரே பெஞ்ச்.

“ஆட்டம் முடியற வரைக்கும் அவ நம்ம தர்ஷினி இல்ல” என்றேன்.

ஃபைனல் காலையிலேயே முடிந்திருக்க வேண்டும். சீஃப் கெஸ்ட் வந்து சேரவே நேரமாகிவிட்டது. வந்தவருக்குப் பொன்னாடை, அவரோடு வந்தவர்களுக்குப் பொன்னாடை, பிறகு ஒழுக்கத்தைப் பற்றி நீண்ட உரை. பிள்ளைகள் வெயிலில் வரிசையில் நின்றார்கள். நான் விசிலைக் கடித்துக்கொண்டு நின்றேன். யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

4. ஃபைனல்

கோ-கோ தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். துரத்துகிற அணியில் எட்டுப் பேர் நடுக்கோட்டில் மாறி மாறி எதிரெதிர்ப் பக்கம் பார்த்துக் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பார்கள். ஒருத்தி மட்டும் எதிரணியைத் துரத்துவாள். அவள் நடுக்கோட்டைத் தாண்டக் கூடாது, ஓடுகிற திசையை மாற்றக் கூடாது, தோள் திரும்பினாலே ஃபவுல். அந்தப் பக்கம் இருக்கிறவளைப் பிடிக்க வேண்டுமென்றால், உட்கார்ந்திருக்கிறவளின் முதுகில் தட்டி ‘கோ’ சொல்லி அவளை எழுப்பிவிட வேண்டும். இரண்டு கோடியிலும் போல் என்று ஒரு கம்பம் நிற்கும், ஓடுகிறவள் அதைப் பிடித்துச் சட்டென்று சுற்றித் தப்பலாம்.

முதலில் அவர்கள் துரத்தி எங்களில் எட்டுப் பேரை அவுட்டாக்கினார்கள். அடுத்து எங்கள் முறை. எங்கள் பெண்கள் பேய் பிடித்தது போல ஓடினார்கள். முதல் மூவர் அவுட். அடுத்த மூவர் அவுட். கடைசி மூவரில் இரண்டு பேர் அவுட். எட்டுக்கு எட்டு. கிரவுண்டில் மிச்சம் இருந்தவள் தர்ஷினி ஒருத்திதான். அவளைத் தொட்டால் கப் எங்களுக்கு. தொடாமல் நேரம் முடிந்தால் டை, இன்னொரு ரவுண்டு. அதற்கு எங்கள் பிள்ளைகளிடம் மூச்சு இல்லை.

தர்ஷினி எல்லோர் கண்ணிலும் மண்ணைத் தூவிக்கொண்டிருந்தாள். தேவராஜ் அந்தப் பக்கக் கோட்டோரம் கூடவே ஓடினார். வேட்டி ஒரு கையில், செல்போன் ஒரு கையில். “ஓடு தர்ஷினி, ஓடு, வுடாத.” என் தொண்டை கட்டிவிட்டது. “கோ குடு நித்யா, கோ குடு” என்று கத்தினேன், காற்றுதான் வந்தது. அம்பயர் சார் ஸ்டாப் வாட்சைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டு போனார். கடைசி நிமிடம்.

அப்போது கோயில் மணி அடித்தது.

எங்கள் ஒன்பது பேரும் நின்றார்கள். நித்யா ஒரு காலைத் தூக்கியபடி, கையை நீட்டியபடி. மற்ற எட்டுப் பேரும் உட்கார்ந்த இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு. எனக்கு உயிரே போய்விட்டது. ஓடுங்கடி என்று கத்த வாயைத் திறந்தேன். சட்டம் போட்டவளே நான். மூடிக்கொண்டேன். தர்ஷினி நாலு எட்டு தள்ளிப் போய் நின்றாலே போதும், ஆமெனுக்குப் பிறகு அவளைப் பிடிக்க நேரம் இருக்காது.

அவளைத் தேடினேன். நடுக்கோட்டுக்கு அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த இடத்திலேயே, ஓடிய நிலையிலேயே அவளும் நின்றிருந்தாள்.

அவர்கள் அணியே கோட்டுக்கு வெளியிலிருந்து கூச்சல் போட்டது. “ஏய், எதுக்கும்மா நிக்கிற, ஓடு” என்று தேவராஜ் அலறினார். அவர்களுடைய பீட்டி சார் தலையில் கை வைத்தார். தர்ஷினியின் தோள் கூட அசையவில்லை. மும்மூன்றாக அடித்து நீள மணியும் ஓயும் வரை ஸ்டாப் வாட்ச் மட்டும்தான் அங்கே ஓடியது.

மணி ஓய்ந்தது. பத்துப் பிள்ளைகளும் ஒரே குரலில் ஆமென் சொன்னார்கள்.

அந்த வார்த்தை முடியும் முன்பே நித்யா பக்கத்தில் உட்கார்ந்திருந்த சந்தியாவின் முதுகில் தட்டி ‘கோ’ சொன்னாள். சந்தியா வில்லிலிருந்து விட்டது மாதிரி கிளம்பினாள். தர்ஷினி உடம்பை ஒடித்தாள், சந்தியா ஏமாறவில்லை. போலை நோக்கி இருவரும் பறந்தார்கள். தர்ஷினியின் கை போலைப் பிடிக்கப் போகிறது, சந்தியா குப்புறப் பாய்ந்தாள். புழுதியில் இருவரும் தெரியவில்லை. அம்பயர் ஒரு விசில் ஊதினார், அவுட். உடனே இன்னொரு விசில், டைம்.

நான் என்ன செய்தேன் என்று எனக்கு நினைவில்லை. சிஸ்டரைத் தூக்கிச் சுற்றினேன் என்கிறார்கள். சிஸ்டர் இன்றுவரை மறுக்கவில்லை.

அதற்குள் அவர்களுடைய பீட்டி சார் அம்பயரிடம் ஓடினார். “சார், மணி இவங்க கோயில் மணி. இத்த எப்படி சார் ஒத்துக்கறது?”

“மணி ரெண்டு டீமுக்கும்தான் கேட்டுச்சி. நான் நிக்க சொல்லி விசில் ஊதல. தொரத்தறவ நின்னா ஃபவுல் கெடையாது, திரும்பனாதான் ஃபவுல். ஒருத்தி தோளாவது திரும்புச்சா, நீங்களே சொல்லுங்க” என்றார் அம்பயர்.

பீட்டி சார் மறுபடி வாயைத் திறந்தார். முட்டியில் மண்ணோடு எழுந்து வந்த தர்ஷினி முந்திக்கொண்டாள். “அவுட்டுதான் சார். என் குதிகால்ல கை பட்டுச்சி.”

5. அப்பாவும் மகளும்

எங்கள் பெண்கள் கப்பைத் தூக்கிக்கொண்டு கோயிலைச் சுற்றி ஓடினார்கள். நித்யா தர்ஷினியின் கையையும் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். திரும்பி வந்தபோது தேவராஜ் மகளை நிறுத்தினார். நானும் ஃபாதரும் பக்கத்தில்தான் நின்றிருந்தோம்.

“எதுக்கும்மா நின்ன? தள்ளி ஓடியிருந்தா தோத்திருக்க மாட்டீங்களே.”

“மணி அடிச்சா நிக்கணும்பா. அசைஞ்சா பீட்டி மிஸ்ஸு வெளிய குந்த வெச்சிடும்.”

“நீ இப்ப இந்த ஸ்கூலு இல்லியேம்மா.”

அவள் அதை அப்போதுதான் யோசித்தாள். பிறகு குனிந்து முட்டியைத் தட்டிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள். “ஆமாம்பா. அங்க தெனமும் குந்திக்கினுதானே கீறோம்.”

அந்தப் பள்ளியில் கிரவுண்டு கிடையாது, சனிக்கிழமை மட்டும் மொட்டை மாடியில் ஆட விடுவார்கள் என்பதை அன்றைக்குத்தான் அவள் வாயால் நாங்கள் கேட்டோம். தேவராஜுக்குத் தெரியுமோ தெரியாதோ. மகள் ஆட்டத்தில் ஓடுவதை அவர் அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தார் என்பது மட்டும் அவர் முகத்தில் தெரிந்தது. எனக்குக் கப் வாங்கிய சந்தோஷத்தை விட அது பெரிதாக இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து ஃபாதரிடம் வந்தார். “ஃபாதர், கூட்டத்துல நான் பேசனது, அந்த பீட்டி பீரியடு...” என்று இழுத்தார். “இருக்கட்டும் ஃபாதர். எடுத்துடாதீங்க.”

“இங்கிலீஷ்?” என்றார் ஃபாதர்.

“அதுவும் வேணும்.”

ஃபாதர் என்னைப் பார்த்தார். “டீச்சர், கிரவுண்டுல நீங்க சொல்றதெல்லாம் இங்கிலீஷ்லயே சொல்லிட்டா என்ன?”

எனக்கும் இங்கிலீஷுக்கும் ஏழாம் பொருத்தம். ஆனாலும் சரி என்றேன். சிஸ்டரிடம் உட்கார்ந்து வாக்கியம் வாக்கியமாகப் படித்தேன். இப்போது எங்கள் பிள்ளைகள் லெஃப்ட், ரைட், டோன்ட் புஷ், வெயிட் ஃபார் யுவர் டர்ன் என்று சண்டையே இங்கிலீஷில் போடுகிறார்கள்.

இந்த வேலையில் நான் தெரிந்துகொண்டது ஒன்றுதான். மூச்சு வாங்க ஓடுகிற பிள்ளைக்கு நாம் பழக்கியது உடம்போடு தங்கிவிடுகிறது. யூனிஃபார்ம் மாறினாலும் அது போவதில்லை. அதனால் எதைப் பழக்குகிறோம் என்று யோசித்துப் பழக்குங்கள். எதற்காகவும் பிள்ளையின் விளையாட்டு நேரத்தை விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஜூன் மாதம் பள்ளி திறந்த அன்று கனிஷ்கா வேனில் ஏறவில்லை. தேவராஜ் அவளைத் தன் பைக்கில் கொண்டுவந்து இறக்கினார். இறங்கியவள் வகுப்புப் பக்கம் போகாமல் பையோடு நேராகக் கிரவுண்டுக்கு ஓடினாள். கூப்பிடலாம் என்று விசிலை வாயில் வைத்தேன். பக்கத்தில் நின்ற தேவராஜ் சொன்னார், “ஓடட்டும் வுடுங்க மிஸ்.”