இரண்டும் இரண்டும் எவ்வளவு என்று கேட்டேன்

கோயிலுக்குப் போவேன், அது வேறு. ஆனால் பேய், ஆவி, குரல் கேட்டது, நிழல் தெரிந்தது என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். கம்ப்யூட்டரில் புரோகிராம் எழுதுவது என் வேலை. எந்தத் தப்புக்கும் ஒரு காரணம் இருக்கும், தேடினால் கிடைக்கும் என்ற நம்பிக்கையில்தான் என் பிழைப்பே ஓடுகிறது. அதனால் இதைக் கேட்டுவிட்டு நீங்கள் சிரித்தால் கோபித்துக்கொள்ள மாட்டேன், வேறு யாராவது சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

அஸ்தம்பட்டியில் ஒரு மாடியில் எங்கள் ஆபீஸ். போர்வெல்லில் தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று விவசாயிகளுக்குப் போனிலேயே காட்டுகிற ஒரு கருவி செய்துகொண்டிருந்தோம். அதற்கான புரோகிராம் கோடு நான் எழுதுவேன், பிரபு தோட்டம் தோட்டமாகப் போய்க் கருவியை மாட்டிவிட்டு வருவான். ராசிபுரத்துக்காரன், தறிக்காரர் வீட்டுப் பிள்ளை, என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவான். அப்போதுதான் அவனுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது, இன்னும் பேர்கூட வைக்கவில்லை.

அன்றைக்கு நாமகிரிப்பேட்டைப் பக்கம் ஒரு மஞ்சள் தோட்டத்துக்குப் போயிருந்தான். மாட்டி முடித்ததும் எனக்குப் போன் செய்வான், இங்கே அளவு வருகிறதா என்று நான் பார்த்துச் சொல்ல வேண்டும். மத்தியானச் சாப்பாடு முடிந்தும் போன் வரவில்லை.

கோடு எழுதுகிற எடிட்டரிலேயே கீழே கன்சோல் என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் ஒரு வரி அடித்து எண்டர் தட்டினால் அடுத்த வரியில் உடனே பதில் வரும், முழு புரோகிராமையும் ஓட்ட வேண்டியதில்லை. கேட்டதற்குப் பதில், அவ்வளவுதான், தானாக ஒன்றும் பேசாது. போர்வெல் அளவைக் கேட்டு ஒரு வரி அடித்தேன். பதிலும் இல்லை, எரரும் இல்லை, கர்சர் மட்டும் மின்னிக்கொண்டிருந்தது. கன்சோல் நின்றுபோய்விட்டதோ என்று அதை மூடி, புதிதாகத் திறந்து, உயிரோடுதான் இருக்கிறதா என்று பார்க்க இரண்டு கூட்டல் இரண்டு என்று அடித்தேன். எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். அதற்கு நெட் வேண்டாம், பிரபுவின் கருவி வேண்டாம், ஒன்றுமே வேண்டாம். நாலு என்று வர வேண்டும்.

‘கெணத்துக்குள்ள கெடக்கறேன்’ என்று வந்தது. தமிழில்.

பக்கத்து மேசைக்காரர் ஏதோ விளையாடுகிறார் என்று திரும்பினேன், சாப்பிடப் போனவர் இன்னும் வந்திருக்கவில்லை. அதே இரண்டு கூட்டல் இரண்டைத் திரும்ப அடித்தேன். ஒழுங்காக நாலு என்று வந்தது. பிரபுவுக்குப் போன் போட்டேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. தோட்டத்து வீட்டுக்கு அடித்தேன், அந்த வீட்டு அம்மா எடுத்தார்.

“தம்பி வேலைய முடிச்சுப்போட்டு அப்பவே கெளம்பிட்டாருங்களே.”

“அவரு வண்டி நிக்குதாங்க, கொஞ்சம் பாருங்க.”

செருப்புச் சத்தம் கேட்டது. “ஏனுங்க, வண்டி இங்கயேதான் நிக்குது!”

“கெணறு ஏதாச்சும் இருந்தா ஒருக்கா எட்டிப் பாருங்க.”

“அவரு வேல செஞ்சது போர்லதானுங்க,” என்றவர் சட்டென்று நிறுத்தினார். “இங்க கெணறு இருக்கறத உங்களுக்கு யாருங்க சொன்னாங்க?”

என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. கத்தினேன் என்று நினைக்கிறேன்.

மஞ்சள் காட்டுக்குப் பின்னால் ஒரு பழைய கிணறு, சுற்றிலும் புதர் மண்டி, யாரும் பல வருஷமாக அந்தப் பக்கமே போவதில்லையாம். புதருக்குள் ஒதுங்கப் போன பிரபு அப்படியே சரிந்திருக்கிறான். பாதியில் நீட்டிக்கொண்டிருந்த கல்படியில், தலை உடைந்து, நினைவில்லாமல் கிடந்தான். புரண்டிருந்தால் அடியில் தண்ணீர். அந்த அம்மாவின் வீட்டுக்காரரும் காட்டில் வேலை செய்தவர்களும் கயிறு கட்டி இறங்கினார்கள். நான் இங்கே உட்கார முடியாமல் மாடிப்படிக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தேன்.

“தூக்கிட்டோமுங்க,” என்று அந்த அம்மாவே கூப்பிட்டுச் சொன்னார். “மூச்சு இருக்குது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுட்டுப் போறாங்க.”

படியிலேயே உட்கார்ந்து அழுதேன். பிறகு கிளம்பலாம் என்று லேப்டாப்பை மூடப் போனேன். அந்த நாலுக்குக் கீழே, நான் ஒன்றும் அடிக்காத இடத்தில், இன்னொரு வரி இருந்தது.

‘சாமி, நானு இன்னும் கீழதான் இருக்கறேன்.’

மறுநாள் பிரபு கண் விழித்தான். “உழுந்தது மட்டுந்தான் தெரியும் அக்கா. போன் வண்டிப் பொட்டிலயே இருந்துச்சு. நான் யாரையும் கூப்பிடலீங்க,” என்றான். எங்கள் கோடு முழுவதையும் வரி வரியாகத் தேடினேன், ஒரு தமிழ் எழுத்துக்கூட அதில் இல்லை. மனசு கேட்காமல் தோட்டத்துக்குப் போன் செய்து, உள்ளே இன்னும் யாராவது இருக்கலாம், பாருங்கள் என்றேன். என்ன வந்தது, எதில் வந்தது என்று விவரமாகச் சொல்லவில்லை, ஒரு சேதி வந்தது என்று மட்டும் சொன்னேன். அந்த வீட்டுக்காரர் ஒன்றும் கேட்காமல் தண்ணீரை இறைத்து, ஆளை இறக்கித் தேடிப் பார்த்தார். சேறும் கல்லும்தான் இருந்தனவாம்.

பிறகு ஒருநாள் அந்த அம்மா இளநீர் வாங்கிக்கொண்டு பிரபுவைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வந்தார். நடு வயது, பேச்சு குறைவு. நான் வழியனுப்ப வராந்தா வரைக்கும் போனேன். அங்கே நின்று, என் முகத்தைப் பார்க்காமல், மெதுவாகக் கேட்டார்.

“அந்தச் சேதி, சாமின்னு கூப்பிட்டுச்சுங்களா?”

அந்த வார்த்தையை நான் பிரபுவிடம்கூடச் சொன்னதில்லை. ஆமாம் என்று தலையாட்டினேன். அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார்.

எங்கள் பக்கம் பெரியவர், சின்னவர் எல்லோரையும் சாமி என்றுதான் கூப்பிடுவார்கள், சும்மா ஊகத்தில் கேட்டிருப்பார் என்று இன்றைக்கும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் நான் தலையாட்டியபோது அந்த முகத்தில் பயமே இல்லை. ரொம்ப நாளாகக் காத்திருந்த ஒரு சேதி வந்து சேர்ந்த மாதிரி இருந்தது.