ஜிபார் எஜேயின் திட்டு நேரம்

ரொட்டிக்கடை வரிசையில் முன்னால் நின்ற பெண், தபால்காரர் வீட்டு மருமகள் கோபித்துக்கொண்டு தாய்வீட்டுக்குப் போய்விட்டதாகப் பின்னால் நின்றவளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். ரொட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசலைத் தாண்டப்போன ஜிபார் எஜே, ஒரு காலை வெளியே வைத்தபடியே திரும்பினார்.

"கோவிச்சுக்கிட்டுன்னு யாரு சொன்னா?"

"பைய எடுத்துக்கிட்டுப் போனாளே, நானே பாத்தேன்."

"பைய எடுத்துக்கிட்டுப் போனா. பத்தியில அவ்வளவுதான் இருக்கு. கோவம் உன் தலையில இருக்கு."

வரிசை மொத்தமும் சிரித்தது. சொன்னவளும் சிரித்தாள், வேறு வழியில்லை. எங்கள் மலையூர் கோக்-பெல்லில் இப்போதெல்லாம் நிம்மதியாக வம்பு பேச முடிவதில்லை. ஒருவர் ஒரு சேதியை எடுத்து அதற்குக் கண், காது, மூக்கு வைக்கத் தொடங்கினால் போதும், எங்கிருந்தாவது ஒரு குரல், பரீட்சைத் தாளைக் காட்டிக் கேட்பதுபோல், "இது பத்தியில இருக்கா?" என்று கேட்டுவிடும். மனைவி குறை அடுக்கும்போது கணவன்மார்களும் இதைக் கேட்டுப் பார்க்கிறார்கள். கேட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்கிறார்கள்.

இந்த வியாதியை ஊருக்குள் கொண்டுவந்தவர் ஜிபார் எஜேதான். பள்ளியின் துணைத் தலைமையாசிரியர், வேதியியல் டீச்சர். தன்னைவிட மூத்தவர்கள்கூட அவரை எஜே, அக்கா, என்றுதான் கூப்பிடுகிறார்கள். குள்ளமான, அகலமான உருவம். கோட்டின் வலது பையில் சாக்கட்டி, இடது பையில் காய்ந்த உப்புத் தயிர் உருண்டைகள். சரியான பதில் சொல்லும் பிள்ளைக்கு ஓர் உருண்டை பரிசு. பேசிக்கொண்டே கை மாறி, சாக்கட்டியை வாயில் போட்டுக் கடித்த நாட்களும் உண்டு. வகுப்பு சிரித்தால், "ரெண்டும் சுண்ணாம்புச் சத்துதான்" என்று சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடர்வார்.

அவரிடம் ஒரு பெரிய குறை உண்டு. யார் எதைச் சொன்னாலும் திருத்தாமல் இருக்க அவரால் முடியாது. திருமண விருந்தில் மாப்பிள்ளையின் மாமா வாழ்த்திப் பேசும்போது நடுவில் புகுந்து பெண்ணின் வயதைத் திருத்தியவர். வானொலியில் வானிலை சொல்பவருக்குப் பதில் சொல்வார். அவருடைய கணவர் பெய்ஷென் வேன் ஓட்டுகிறார், அதிகம் பேசாத மனிதர். ஏன் பேசுவதில்லை என்று கேட்டால், "பேசிட்டு யாரு மார்க் வாங்குறது?" என்பார்.

இப்படிப்பட்டவர்தான் ஊருக்கே வாயை மூடிக் கேட்கச் சொல்லித்தந்தார் என்றால் வெளியூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள்.

முன்பெல்லாம் பள்ளியின் கடைசி வகுப்பான பதினொன்றாம் வகுப்பின் அரசுத் தேர்வு மனப்பாடம்தான். ஆறுகளின் பெயர், போர்களின் ஆண்டு, அமிலங்களின் சூத்திரம். பிள்ளைகள் மாட்டை ஓட்டிக்கொண்டே ஒப்பித்துவிடுவார்கள். சென்ற ஆண்டு தலைநகரத்தில் எல்லாவற்றையும் மாற்றினார்கள். இனி ஒரு வாசிப்புப் பத்தி தருவார்கள், அதன் கீழே கேள்வி, நான்கு விடைகள், சரியானது பத்திக்குள்ளேயே இருக்கும். ஆசிரியர்களின் பழைய குறிப்பேடுகள் எல்லாம் வீணாயின. ஆண்டுகளை எல்லாம் மெட்டுப் போட்டுப் பாட வைத்திருந்த வரலாற்று ஆசிரியர், வீட்டில் துக்கம் நடந்தவர்போல் ஒரு வாரம் தாடியோடு திரிந்தார். பெற்றோருக்கோ ஒரே சந்தோஷம். விடையைக் கையிலேயே கொடுத்துவிட்டுக் கேள்வி கேட்கிறார்கள், இதைவிடச் சுலபம் என்ன வேண்டும் என்றார்கள்.

இலையுதிர் காலத்தில் தலைநகரத்திலிருந்து ஒரு மாதிரித் தேர்வு வந்தது, தாள்களை அங்கேதான் திருத்தினார்கள். பத்தியில் ஒரு மேய்ப்பர். ஏப்ரல் தொடக்கத்திலேயே மந்தையை மலைமேல் கோடை மேய்ச்சலுக்கு ஓட்டிக்கொண்டு போகிறார். எல்லோருக்கும் முன்னால் போனதால் இளம்புல் அவருடைய ஆடுகளுக்கே கிடைக்கிறது, ஆடுகள் கொழுக்கின்றன. அவர் ஏன் ஏப்ரலில் போனார்? இளம்புல் முதலில் கிடைப்பதற்காக என்பது முதல் விடை. நாள் கணக்கில் பிழை செய்ததால் என்பது கடைசி விடை. எங்கள் கணவாயில் மே முடியும்வரை பனி கிடக்கும். ஏப்ரலில் ஏறுகிறவன் கோடையில் ஆடு விற்க மாட்டான், தோல்தான் விற்பான். பதினொன்றாம் வகுப்பு முழுவதும், ஒருவர்கூட மிச்சமில்லாமல், கடைசி விடையில் கோடு போட்டு வைத்திருந்தது. ஆடும் மலையும் வந்த மற்ற பத்திகளிலும் இதே கதைதான்.

ஒரு வகுப்பே ஒரே தப்பை ஒரே இடத்தில் செய்தால் தலைநகரத்தில் அதற்கு ஒரே பெயர்தான், காப்பி. தேர்வை ரத்து செய்துவிட்டார்கள். வசந்தத்தில் தேர்வுப் பார்வையாளர்களை வைத்து மறுதேர்வு, அதன் மதிப்பெண்தான் அரசுத் தேர்வுக்கும் கணக்கு, அதிலும் இப்படியே ஆனால் மேல்வகுப்புகளை மூடிவிட்டுப் பிள்ளைகளை மறுபடி படிக்க ஆற்றுக்கு அந்தப்புறம் வட்டார நகரத்துப் பள்ளிக்கு அனுப்பிவிடுவோம் என்று தலைமையாசிரியருக்குத் தொலைபேசியில் சொன்னார்கள்.

அந்த வகுப்பில் பெர்மெத் என்று ஒரு பெண். கால்நடை மருத்துவராக வேண்டும் என்று ஏழாவது படிக்கும்போதிருந்தே சொல்லிக்கொண்டிருப்பவள். அவளுடைய அப்பா தாலாய் குதிரைகளும் ஆடுகளும் வைத்திருப்பவர். "இங்க பள்ளிக்கூடம் இருந்தா படிக்கட்டும். ஆத்தைத் தாண்டி விடுதிக்கெல்லாம் அனுப்ப மாட்டேன். வீட்ல பால் கறக்க ஆள் வேணும்" என்று தெருவில் வைத்தே சொல்லிவிட்டார். தாலாய் சொன்னால் சொன்னதுதான் என்பது ஜிபார் எஜேக்குத் தெரியும். இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். அன்று மாலை எஜே வீட்டுக்கு நடந்த வழியில் யாரையும் திருத்தவில்லை. வானொலி மழை என்றது, வெளியே வெயில் அடித்தது, அவர் பேசாமல் இருந்தார். பெய்ஷென் பயந்துபோய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

பெற்றோர் கூட்டம் பள்ளிக்கூடத்தில் நடந்தது. ரொட்டியும் ஜாமும் தேநீரும் வைத்துத்தான் எங்கள் ஊரில் எந்தக் கூட்டமும் நடக்கும். தாலாய் எழுந்து நின்றார்.

"ஜிபார், எட்டு வருஷம் உன் முதுகுக்குப் பின்னால உக்காந்து உன்னைப் பாத்து எழுதித்தான் நான் பாஸானேன். காப்பி எப்படி அடிக்கிறதுன்னு எனக்கு நல்லாத் தெரியும். என் பொண்ணுக்கு அந்தத் திறமை கெடையாது."

கைதட்டல். அதோடு உட்கார்ந்திருக்கலாம். பத்தியை எழுதியவனை ஏப்ரலில் இங்கே கூட்டிவந்து மலை ஏற்றிக் காட்டவேண்டும், அதற்கு மனு எழுதவேண்டும், அவன் வாழ்க்கையில் ஆட்டை முழுதாகப் பார்த்திருப்பானா, வாலையாவது பார்த்திருப்பானா என்று பேசிக்கொண்டே போனார். எஜே எழுந்து, தாலாயின் கிண்ணத்தை எடுத்து, தேநீரை விளிம்புவரை ஊற்றி முன்னால் வைத்தார். எங்கள் வழக்கப்படி, இன்னும் இருக்கட்டும் என்று நினைக்கும் விருந்தாளிக்குக் கிண்ணத்தின் அடி நனையும் அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக்கொண்டே இருப்போம். நிரம்பிய கிண்ணம் வந்தால் குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தம்.

தாலாய் கிண்ணத்தைப் பார்த்தார். "கெளம்பச் சொல்றியா?"

"இல்ல. வாய மூடச் சொல்றேன். எல்லாரும் ஆளுக்கொரு தாள் எடுங்க."

அதே மாதிரித் தேர்வு. அப்பா அம்மா எல்லோரும் ஒருவர் தாளை ஒருவர் பார்க்காமல் எழுதினார்கள். எல்லோரும் கடைசி விடை. தாலாய்தான் முதலில் முடித்தவர். மிச்ச நேரத்தை வீணாக்காமல், எந்த நாளில், எந்தப் பள்ளத்தாக்கு வழியாக ஏறினால் நல்லது என்று ஓரத்தில் அந்த மேய்ப்பருக்கு யோசனையும் எழுதி வைத்திருந்தார். எஜே அதைப் படித்துவிட்டுக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். தாளை இவருக்கும் அவருக்கும் காட்டிச் சிரித்தார். சிரிப்பு அடங்கும்போது அவருடைய பார்வை அந்த நிரம்பிய கிண்ணத்தில் போய் நின்றது.

"தாலாய், உன் வீட்டுக்கு ஒரு விருந்தாளி வர்றான். சாப்பிட்டுக்கிட்டே, ஏப்ரல்ல மந்தைய மலைக்கு ஓட்டினேன், ஆடு கொழுத்துச்சுன்னு சொல்றான். நீ என்ன பண்ணுவ?"

"இன்னும் கொஞ்சம் கறி எடுத்து வைப்பேன்."

"பொய்யின்னு சொல்ல மாட்டியா?"

"விருந்தாளிகிட்டயா? அவன் குதிரை ஏறிப் போனப்புறம் சொல்லுவேன். நல்லாவே சொல்லுவேன்."

"அவ்வளவுதான்" என்றார் எஜே. "பத்தி நம்ம வீட்டுக்கு வந்த விருந்தாளி. அவன் என்ன சொன்னான்னுதான் கேக்குறாங்க. உனக்கு என்ன தெரியும்னு யாரும் கேக்கல. அவன் சொன்னதைச் சொல்லு. போனப்புறம் திட்டிக்கோ."

மறுநாளிலிருந்து வகுப்பில் திட்டு நேரம் என்று ஒன்று வந்துவிட்டது. முதலில் பத்தியைப் படிக்கவேண்டும், விருந்தாளி சொன்னபடியே விடைக்குக் கோடு போடவேண்டும். கடைசித் தாள் மேசைக்கு வந்த பிறகு எஜே சாக்கட்டியால் பலகையைத் தட்டி, "விருந்தாளி போயாச்சு" என்பார். அப்புறம் யார் வேண்டுமானாலும் பத்தியைக் கிழிகிழியென்று கிழிக்கலாம். நன்றாகத் திட்டினாலும் தயிர் உருண்டை உண்டு, ஆனால் பத்தியில் இல்லாததைச் சொல்லித் திட்டினால் கிடையாது. அதனால் திட்டுவதற்காகவே பிள்ளைகள் பத்தியை இரண்டாவது தடவை கவனமாகப் படித்தார்கள். எஜே எதிர்பார்த்ததும் அதுதான். பனிக்காலத்துச் சனிக்கிழமைகளில் அப்பாக்களும் வந்து உட்கார ஆரம்பித்தார்கள். வரலாற்று ஆசிரியர் தாடியை எடுத்துவிட்டு, பழைய போர்களைப் பத்தியாக எழுதிக்கொண்டு வந்தார். தாலாய் ஒரு வாரம்கூடத் தவறவில்லை. தேனீ வளர்ப்பு பற்றிய ஒரு பத்தியை அவர் திட்டிய அழகை இன்றும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். இதெல்லாம் தலைநகரத்துக்குத் தெரிந்தால் என்ன சொல்வார்கள் என்று தலைமையாசிரியருக்கு மட்டும் கவலை.

மறுதேர்வு ஏப்ரலில் வந்தது. பார்வையாளர்கள், ஓர் அம்மாளும் ஓர் இளைஞரும், காரில் வந்தார்கள். கணவாயில் கார் பனிக்குள் சக்கரம் புதைந்து நின்றுவிட்டது. தகவல் வந்ததும் டிராக்டரோடு போனவர் தாலாய். ஏப்ரலில், பனியில், தலைநகரத்து ஆட்கள். மனு எழுதிக் கேட்டிருந்தாலும் இப்படிக் கிடைத்திருக்காது. கம்பியைக் கட்டி இழுத்து ஊர்வரை கொண்டுவந்து சேர்த்தார். ஏப்ரலில் இவ்வளவு பனி இருக்கும் என்று யாருமே சொல்லவில்லையே என்று அந்த அம்மாள் டிராக்டரில் பக்கத்தில் உட்கார்ந்து வழியெல்லாம் வியந்துகொண்டே வந்தாராம். விருந்தாளி இன்னும் போகவில்லை, தாலாய் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினார். பள்ளி வாசலில் இறங்கியபோது முகம் சிவந்து வீங்கிப்போய் இருந்தது. குளிர் என்று அந்த அம்மாள் நினைத்திருப்பார்.

தேர்வு நடந்தபோது பாதி ஊர் பள்ளி வேலிக்கு வெளியே நின்றது. எஜேக்கு உள்ளே அனுமதி இல்லை. வேலியோரமாக நடந்துகொண்டே, இரண்டு பைக்குள்ளும் மாறி மாறிக் கைவிட்டு, வந்ததை வாயில் போட்டுக்கொண்டிருந்தார். எது சாக்கட்டி, எது தயிர் என்று அன்று அவருக்கு நினைவே இல்லை. உதடு வெள்ளையாக இருந்தது, யாரும் சொல்லவில்லை.

கதவு திறந்தது. பிள்ளைகள் ஒழுங்காக, சத்தமில்லாமல் வந்தார்கள், பெர்மெத் கடைசியாக வந்தாள். வேலிக் கதவைத் தாண்டியதும் எஜேயைப் பார்த்துக் கேட்டாள். "விருந்தாளி போயாச்சா எஜே?"

"போயாச்சு."

"காவல் நாயைக் கொண்டுபோய் வீட்டுக்குள்ள அடுப்புப் பக்கத்துல படுக்க வெச்சானாம் எஜே. பனிக்காலத்துல. ஓநாய்க்குக் கதவைத் தெறந்து விட்டுட்டு நாய்க்கு மெத்தை போட்டுருக்கான்."

அவ்வளவுதான், வேலியோரம் முழுவதும் திட்டு கிளம்பியது. பிள்ளைகள் திட்ட, அப்பாக்கள் எடுத்துக்கொடுக்க, அந்தப் பத்தியில் இருந்த மனிதர் பாவம், உயிரோடு இருந்திருந்தால் ஊரை விட்டே ஓடியிருப்பார். சத்தம் கேட்டுப் பார்வையாளர் அம்மாள் வெளியே வந்து, கேள்வி கடினமா என்று கவலையோடு விசாரித்தார். எஜே பெர்மெத்தின் காதருகே குனிந்து, அந்த நாயை ஏன் உள்ளே படுக்க வைத்தார்கள் என்பதற்கு என்ன விடை எழுதினாய் என்று கேட்டார். "அதுமேல பாசத்தால. அப்படித்தானே அவன் சொன்னான்" என்றாள் பெர்மெத். எஜே அவளைக் கட்டிப்பிடித்து, அவள் கோட்டில் இரண்டு வெள்ளைக் கைத்தடங்களைப் பதித்தார்.

முடிவு மே மாதம் வந்தது. எஜே மாவு பிசைந்துகொண்டிருந்தார், போனைப் பெய்ஷென் அவர் காதில் பிடித்துக்கொண்டார். எல்லோரும் தேறிவிட்டார்கள். மேல்வகுப்புகள் இங்கேயே இருக்கும். பெர்மெத்துக்குத் தலைநகரத்தில் கால்நடை மருத்துவம் படிக்க இடம் கேட்கும் அளவுக்கு மதிப்பெண். அந்தச் சேதி கேட்ட தாலாய், பால் கறக்கத் தம்பி மகனை வரச் சொல்லிவிட்டார். விடுதிக்கு அனுப்ப மாட்டேன் என்ற பேச்சை அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

அந்த வாரம் எஜே வீட்டில் விருந்து. பெய்ஷெனின் உறவினர்கள் ஏரிக்கரையிலிருந்து வந்திருந்தார்கள். ஆட்டுக்கறி வெந்தது, பொரித்த மாவுத் துண்டுகள் தரையில் விரித்த சாப்பாட்டு விரிப்பு நிறையக் குவிந்தன. எஜேக்கு அன்று இருந்த சந்தோஷத்தை மறைக்கவும் தெரியவில்லை, மறைக்க வேண்டிய அவசியமும் இல்லை. தாலாய் மரியாதையான இடத்தில், வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். இந்தப் பள்ளிக்கூடம் பிழைத்த கதையை ஏரிக்கரைக்காரர்கள் கேட்டார்கள். தாலாய் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார்.

அந்தக் கதையில், கூட்டத்தில் எல்லோரும் தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறார்கள். தாலாய் எழுந்து, பத்தி என்பது விருந்தாளி மாதிரி என்று ஜிபாருக்கு எடுத்துச் சொல்கிறார். ஜிபார் வாயைப் பிளந்து கேட்கிறார். ஏப்ரலில் பார்வையாளர் கார் கூரைவரை பனியில் மூழ்கிக் கிடக்கிறது. தாலாய் டிராக்டர் இல்லாமல், ஒரே ஒரு குதிரையைக் கட்டி இழுத்து வெளியே எடுக்கிறார். திட்டு நேரம்கூட அவர் கண்டுபிடித்ததுதான் என்று வந்தபோது பெர்மெத் தலையைக் குனிந்துகொண்டாள். வரலாற்று ஆசிரியர் கையிலிருந்த எலும்பைக் கீழே வைத்தார். விரிப்பைச் சுற்றி இருந்த எங்கள் ஊர்க்காரர்கள் எல்லோரும் ஜிபார் எஜேயைப் பார்த்தார்கள். பெய்ஷென் கண்ணை மூடிக்கொண்டார்.

எஜே வாயைத் திறந்தார். ஒரு மூச்சு இழுத்தார். பிறகு வாயை மூடிக்கொண்டு, தாலாயின் காலிக் கிண்ணத்தை எடுத்து, அடி மட்டும் நனையும்படி கொஞ்சமே கொஞ்சம் தேநீர் ஊற்றி, இடது கையை நெஞ்சில் வைத்து, வலது கையால் நீட்டினார்.