சணலில் ஆறு முடிச்சு

என் தங்கை ஜெயித்தவற்றை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன். ஆண்களை மட்டுமே வைத்துக்கொள்வோம் என்று சொன்ன ஏழு மாடிக் குடியிருப்பில் காவல் வேலை வாங்கினாள். பதினொரு வருடத்தில் ஒரு சாவியைக்கூடத் தொலைத்ததில்லை. ஒரு பிற்பகலில் புகைக்குள் ஐந்து கதவுகளைத் திறந்து முப்பத்தோரு பேரைக் கீழே இறக்கினாள். அந்தக் கதவுகளுக்கு இனி யாரும் பூட்டுப் போட முடியாதபடி செய்தாள். இன்னொன்றும் இருக்கிறது. அதை அதன் இடத்தில் எழுதுகிறேன்.

முப்பத்திரண்டாவது ஆளை இந்தக் கணக்கில் சேர்க்க முடியவில்லை.

சிறு வயதில் நாங்கள் இருந்த ஒற்றை அறை வீட்டின் கதவுக்குத் தாழ்ப்பாள் உள்பக்கம் மட்டும்தான். வெளியே பூட்டுப் போட வளையம் இல்லை. அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போனால் யாராவது ஒருவர் உள்ளே இருக்க வேண்டும். நான் பெரியவன், பையன். பள்ளிக்கூடம் போனேன், எட்டாவது முடித்தேன். அவள் வீட்டுக்குக் காவல் இருந்தாள். நான் வீட்டில் உரக்கப் படித்ததைக் கேட்டு எண்களைப் பிடித்துக்கொண்டாள். எழுத்து அவளுக்கு வரவில்லை. நானும் சொல்லிக் கொடுக்கவில்லை.

காவல் வேலைக்கு விண்ணப்பம் எழுதியது நான். ‘எழுதப் படிக்கத் தெரியுமா’ என்ற இடத்தில் ‘தெரியும்’ என்று எழுதினேன். அடியில் அவள் பெயரில் கையெழுத்தும் நானே போட்டேன். அச்சகத்தில் காகிதம் வெட்டுகிறவன் நான். ஒரு நூல் அளவு பிசகினாலும் திரும்ப வெட்டுவேன். அந்தக் கையெழுத்தில் மட்டும் அப்படி ஒரு கவனம் வரவில்லை.

வேலையில் அவளுக்கு எழுத்து அதிகம் தேவைப்படவில்லை. வருகிறவர்கள் பதிவேட்டில் தங்கள் பெயரைத் தாங்களே எழுதுவார்கள். பக்கத்தில் வீட்டு எண்ணையும் நேரத்தையும் அவள் போடுவாள். சாவிகள்தான் சிக்கல். மாடிக்கு மூன்று: பின்படிக் கதவு, மின்மீட்டர் அறை, குழாய் அறை. மொத்தம் இருபத்தொரு சாவி, எல்லாம் ஒரே கடையில் செய்த ஒரே மாதிரிச் சாவி. அவள் பின்படிச் சாவிக்குச் சணல் கட்டினாள், மீட்டருக்கு நூல், குழாய்க்கு மெல்லிய கம்பி. எத்தனையாவது மாடியோ அத்தனை முடிச்சு. யாராவது கேட்டால் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டே விரலால் தடவி எடுத்துக் கொடுப்பாள்.

அதைக் கவனித்தவர் ஆறாம் மாடி டியூஷன் டீச்சர் ஒருவர்தான்.

“உனக்கு எழுத்து தெரியாதுதானே? சும்மா சொல்லு, நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்” என்று ஒரு நாள் கேட்டாராம்.

“தெரிஞ்சா நான் ஏன் டீச்சர் இந்தச் சணலைக் கட்டிக்கிட்டு மாரடிக்கிறேன்?”

“சாயங்காலம் மேல வா. ஒரே மாசம். கையெழுத்துப் போட வெச்சிடறேன்.”

“உங்க பசங்களோட உட்கார்ந்து நான் அ, ஆ சொன்னா என் நரைமுடியே என்னைப் பார்த்துச் சிரிக்கும். போங்க டீச்சர்.”

டீச்சர் விடவில்லை. பார்க்கும்போதெல்லாம் “என்ன, நரைமுடி சம்மதிச்சுதா?” என்பார். “இன்னும் யோசிக்குது டீச்சர்” என்பாள் இவள். இரண்டு வருடம் இதே பேச்சு.

2014 கடைசியில் மூன்றாம் மாடியில் பட்டப்பகலில் ஒரு வீட்டை உடைத்து நகை எடுத்துப் போனார்கள். திருடன் பின்படி வழியாக இறங்கியிருந்தான். குடியிருப்போர் சங்கம் கூடியது. ஜன்னல்களுக்குக் கம்பி, வாசலுக்குக் கேமரா, பின்படிக் கதவுகள் ஏழுக்கும் எப்போதும் பூட்டு என்று தீர்மானம். உள்ளே இருப்பவர்களே திருடனுக்குத் துப்புக் கொடுத்திருக்கலாம் என்ற சந்தேகத்தில், சாவி எந்த வீட்டுக்கும் கிடையாது.

தங்கை செயலாளரிடம் கேட்டாள். “ஐயா, தீ கீ பிடிச்சா எப்படி இறங்குவாங்க?”

“வாயைக் கழுவும்மா. நீ எதுக்கு இருக்கே? ஓடிப் போய்த் திற.”

அதோடு நிற்கவில்லை. செயலாளர் ஒரு பெரிய அலுவலகத்தில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எதிலும் ஒழுங்கு வேண்டும் அவருக்கு. சாவிக் கொத்தைத் தூக்கிப் பார்த்து, “இது என்ன சாவிக் கொத்தா, தையல் கடைக் குப்பையா?” என்று கேட்டு, கத்திரி எடுத்து எல்லாவற்றையும் அறுத்துப் போட்டார். சாவிக்குச் சாவி பிளாஸ்டிக் சீட்டு. அதில் அச்சடித்த கதவின் பெயரும் மாடி எண்ணும். கூடவே ஒரு தாள்: ‘சாவிப் பட்டியலைப் படித்துப் புரிந்துகொண்டேன்.’

தாளை வீட்டுக்குக் கொண்டு வந்தாள். படித்துக் காட்டினேன்.

“அப்ப என் சணல்?”

“சொல்லிடு, இப்படித்தான் எனக்கு அடையாளம்னு.”

“சொன்னா எதுக்குன்னு கேப்பாங்களே அண்ணே.”

எனக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. கையெழுத்தைப் போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

எண் தெரியும் என்பதால் மாடியைக் கண்டுபிடித்துவிடுவாள். அந்த மாடிக்கு மூன்று சாவி. மூன்றையும் போட்டுப் பார்ப்பாள். ஐந்து வாரம் அப்படியே ஓட்டினாள்.

2015 ஜனவரி 27, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்று பத்துக்கு இரண்டாம் மாடி மீட்டர் அறையில் தீப்பிடித்தது. லிப்ட் நின்றது. முதல் இரண்டு மாடிக்காரர்கள் முன்படியில் ஓடி வந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு முன்படி முழுக்கப் புகை. மேலே இருந்தவர்களுக்குப் பின்படியை விட்டால் வழியில்லை. தங்கை தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டாள், சேலையைத் தூக்கிச் செருகினாள், கொத்தோடு பின்படியில் ஏறினாள்.

மூன்றாம் மாடிக் கதவு இரண்டாவது சாவியில் திறந்தது. நான்கு, மூன்றாவது சாவியில். ஐந்து, முதல் சாவியிலேயே. திறந்த ஒவ்வொரு கதவு வழியாகவும் ஆட்கள் வந்தார்கள், அவர்களோடு புகையும் வந்தது. ஆறாம் மாடிக்கு ஏறியபோது பின்படி இருட்டாகிவிட்டது. சீட்டில் என்ன எண் என்று தெரியவில்லை. கதவின் அந்தப் பக்கம் தட்டினார்கள்.

“யாரு? டீச்சரா?”

“ஆமா. பசங்க அஞ்சு பேர் இருக்காங்க. சீக்கிரம்.”

“தள்ளி நில்லுங்க, தரையோட உட்காருங்க டீச்சர்!”

விரலால் தடவினாள். இருபத்தொரு சாவியும் ஒரே வழுவழுப்பு. ஒவ்வொன்றாகப் போட்டாள். கை வேர்த்துக் கொத்து நழுவி விழுந்தது. எடுத்து மறுபடி முதலிலிருந்து. தட்டும் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கி வந்து, கதவின் அடியில் கேட்டு, நின்றுவிட்டது. கதவு திறக்க நான்கு நிமிடத்துக்கு மேல் ஆனது என்று தீயணைப்பு அதிகாரி பிறகு கணக்குச் சொன்னார்.

ஐந்து பிள்ளைகளும் கதவுக்கடியில் இருந்த இடைவெளியில் மூக்கை வைத்துப் படுத்திருந்தார்கள். டீச்சர்தான் அப்படிப் படுக்க வைத்திருந்தார். அவருக்கு அங்கே இடம் இருக்கவில்லை. தங்கை பிள்ளைகளை இறங்குகிறவர்களிடம் ஒப்படைத்துவிட்டு ஏழாம் மாடிக்கும் ஏறித் திறந்தாள். திரும்பி வந்து டீச்சரைத் தூக்கினாள். கீழே வரும்போது டீச்சர் உயிரோடு இல்லை.

விசாரணை மார்ச் 10 அன்று. முந்தின நாள் நான் அவளிடம் சொன்னேன்: “கையெழுத்து உன்னுதுதான்னு சொல்லிடு. புகையில தெரியலைன்னு சொல்லு. அதுவும் பொய் இல்லையே. வேலை போகாது, நானும் தப்பிப்பேன்.”

“டீச்சர் வீட்டுக்காரர் எதிர்ல உட்கார்ந்திருப்பார் அண்ணே” என்றாள்.

விசாரணை அதிகாரி ஒரு பெண்மணி. செயலாளர் தாளை நீட்டினார். “படிச்சுப் புரிஞ்சுக்கிட்டேன்னு அவங்களே போட்டிருக்காங்க மேடம். சாவியில பேர் இருக்கு. தாமதம் அவங்களோடது.”

“இது உங்க கையெழுத்தாம்மா?”

தங்கை என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

“இல்லைங்க. எனக்கு எழுத்து தெரியாது. எங்க அண்ணன் போட்டது. வேலைக்கு எழுதிக் கொடுத்ததும் அவர்தான்.” பிறகு செயலாளர் பக்கம் திரும்பினாள். “ஐயா, நான் சொல்லாதது என் தப்பு. அதை நான் சுமக்கிறேன். ஆனா உங்களுக்கு எழுத்து தெரியுமே, அந்தப் புகையில நீங்க வந்து அந்தச் சீட்டைப் படிச்சிருப்பீங்களா? ஆறு முடிச்சு இருந்திருந்தா கண்ணை மூடிக்கிட்டுத் திறந்திருப்பேன். பூட்டே இல்லைன்னா டீச்சரே திறந்திருப்பாங்க.”

டீச்சரின் கணவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

வாக்குமூலத்தைத் தட்டச்சு செய்து பத்தொன்பதாம் தேதி கையெழுத்துக்கு வைப்பதாகச் சொன்ன எழுத்தர், “அன்னிக்குக் கைநாட்டு வெச்சாப் போதும்மா” என்றார்.

“வேண்டாங்க. கையெழுத்தே போடறேன்” என்றாள்.

ஒன்பது நாள் இருந்தது. அவள் பெயரில் நான்கு எழுத்து. அச்சகத்தில் வெட்டி மிஞ்சிய காகிதத் துண்டுகளைக் கட்டாகக் கொண்டு வந்தேன். முதல் எழுத்தை எழுதிக் காட்டி, “இப்படி” என்றேன். முப்பத்தைந்து வருடம் தாமதமாகச் சொன்ன ‘இப்படி’ அது. மூன்றாவது எழுத்தின் சுழி அவளுக்குத் திரும்பத் திரும்ப அவிழ்ந்து போனது. ஆறாம் நாள் பேனாவை எறிந்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். “ஒரே மாசம்னாங்க அண்ணே. மேல ஏறிப் போக வேண்டியது ஆறே மாடி. தினமும் ஏழு மாடி ஏறினவதானே நான்.” அழவில்லை. சிறிது நேரம் கழித்துப் பேனாவைத் தேடி எடுத்தாள்.

விண்ணப்பத்தில் பொய் என்று சங்கம் அவளை வேலையிலிருந்து நீக்கியது. விசாரணை அலுவலகத்தில் எனக்கு எச்சரிக்கை எழுதிக் கொடுத்தார்கள். பின்படிக் கதவுகளில் பூட்டைப் பிடுங்கி, உள்ளிருந்து தள்ளினால் திறக்கிற கம்பி வைக்கும்படி அதிகாரி உத்தரவிட்டார். தங்கை இப்போது ஒரு மருத்துவமனையில் துணி மடிக்கிறாள். எங்கே போனாலும் முதலில் வெளியே போகும் கதவைத் தள்ளிப் பார்க்கிறாள்.

பத்தொன்பதாம் தேதி வாக்குமூலத்தை எழுத்தர் உரக்கப் படித்தார். ‘எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது’ என்ற வரியில், “கையெழுத்துப் போடப் போறீங்களே, இதை எடுத்துடலாமா?” என்று கேட்டார். “இருக்கட்டும், அன்னிக்கு அதுதானே நிஜம்” என்றாள். பேனாவை வாங்கி, நான்கு எழுத்தையும் சுழி அவிழாமல் எழுதினாள். பக்கத்தில் தேதியையும் அவளே போட்டாள்: 19-3-2015.