ஒரு மணிக்குத் திறக்க வேண்டிய அடுப்பு

காலை 6.50. திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் குஜிலியம்பாறை வண்டிக்குள் ஏறியதும் முதலில் கண்ணில் பட்டது, ஓட்டுநருக்குப் பின்னிருக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்த ஈரச் சாக்கு மூட்டை. உள்ளே கல்யாண மாலைகள்.

"இது டிக்கெட் எடுத்துருச்சா?" என்றார் நடத்துனர்.

"மடியில வச்சா நசுங்கிரும்ணே."

"அப்ப அது உக்காரட்டும். நீ எந்திரி."

மாலைக்காரர் வடமதுரை வரை நின்றுகொண்டே வந்தார்.

ஆவணி மாதத்து வெள்ளிக்கிழமை. நாகல் நகரிலிருந்து பேருந்து நிலையத்துக்கு ஆட்டோ 60 ரூபாய், பேருந்துக்கு 28. குஜிலியம்பாறைக்கு நான்கு கிலோமீட்டர் முன்னால் இறங்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அங்கே கண்ணாடி ஊதும் பட்டறை ஒன்றும் அதை ஒட்டி ஒரு காட்சிக்கூடமும் அன்று திறக்கப்படவிருந்தன. ஞாயிற்றுக்கிழமை இதழுக்கு அதைப் பற்றி எழுத வேண்டும்.

வடமதுரை தாண்டியதும் தென்னை குறைந்து சோளமும் வெறும் கரிசலும் மாறி மாறி வந்தன. காற்று கடுமையாக இருந்தது. 8.25-க்கு இறங்கினேன். மண்சாலையில் இன்னும் ஒன்றரை கிலோமீட்டர். அங்கு நின்ற ஒரே ஆட்டோ 50 ரூபாய் கேட்டது.

"ஊதுற வீட்டுக்கா? வளையல் செய்யுறாகளா சார்?"

"வளையல் இல்லை. கிண்ணம், விளக்கு, அந்த மாதிரி."

"வாயால ஊதியா? மூச்சு முட்டிராது?" கொஞ்ச தூரம் போனபின் அவரே சொன்னார்: "எங்க வீட்ல ஊதாமலே எல்லாம் உடையுது."

பட்டறையை நடத்துபவர் மல்லிகா, வயது 43. சென்னையில் ஆய்வகக் குடுவைகள் செய்யும் கம்பெனி ஒன்றில் பதினாறு ஆண்டுகள் வேலை பார்த்தவர். கிணற்று மோட்டார் அறையையும் அதை ஒட்டிய அரை ஏக்கரையும், தொழில் ஓடுகிற வரைக்கும் என்று அவருக்குக் கொடுத்தது அண்ணன் தங்கவேலு. முருங்கையும் சோளமும் போடுகிற விவசாயி. மோட்டார் அறை வெள்ளையடிக்கப்பட்டுக் காட்சிக்கூடமாகியிருந்தது. மரப்பலகைகளில் 32 பொருட்கள். அடுத்த தகரக் கொட்டகையில் கண்ணாடி உருகும் உலை. அதன் முன்னால் பத்தடி தூரத்திலேயே முகம் காய்ந்தது.

நல்ல நேரம் 9.15 முதல் 10.15 வரை. பூசணிக்காய் உடைத்து, குத்துவிளக்கு ஏற்றி, கேசரி கொடுத்தார்கள். களை எடுக்கப் போகிற வழியில் நாலைந்து பெண்கள் உள்ளே வந்து பார்த்தார்கள். ஒருவர் நீலக் கிண்ணத்தைக் கையில் எடுத்து, "இதுல வெஞ்சனம் வைக்கலாமா?" என்று கேட்டார். கூட்டு, பொரியல் எதுவும் வைக்கலாம் என்றார் மல்லிகா. அந்தப் பெண் அடியில் ஒட்டியிருந்த 450 ரூபாய் சீட்டைப் பார்த்துவிட்டு, இரண்டு கையாலும் அதைப் பலகையில் திரும்ப வைத்தார். "வெஞ்சனத்த விடு, இதுல சாமிக்குத்தான் வைக்கணும்."

ஆனால் அன்றைக்கு முக்கியமான பொருள் பலகையில் இல்லை. உலைக்குப் பக்கத்தில் இரும்புக் கதவு போட்ட ஒரு பெட்டி இருந்தது. ஊதி முடித்த கண்ணாடியை மெதுவாகச் சூடு தணிக்கிற மின்சார அடுப்பு. மல்லிகா அதை ஆத்துற அடுப்பு என்றார். முந்தின நாள் மாலை ஆறு மணிக்கு உள்ளே வைத்த தொங்குவிளக்குக் குடுவை அதில் இருந்தது. சிறுமலையில் விருந்தினர் விடுதி கட்டும் ஒருவர் மாலை நான்கு மணிக்கு அதைப் பார்க்க வருவதாக இருந்தது. பிடித்துவிட்டால் அதே மாதிரி அறுபது. "ஒரு வருச வேல சார். அண்ணனுக்கு நெலத்த திருப்பிக் குடுக்காம இங்கனயே இருந்துக்கிடலாம்." இதற்கு முன் ஊதிய நான்கும் சரியாக வரவில்லை. ஐந்தாவது இது.

"எப்போது திறப்பீர்கள்?"

"ஒரு மணிக்கு. அதுக்கு முன்னாடி கூடாது. வெளிய ஆறிரும், உள்ள ஆறாது. ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு மல்லுக்கட்டும்."

"எங்க வீடு மாதிரின்னு சொல்லு" என்றார் தங்கவேலு.

இதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். அதன் பிறகுதான், "விளக்கோடு படம் இருந்தால் செய்தி பெரிதாக வரும்" என்று சொன்னேன். எனக்குத் திரும்ப 11.40-க்கு ஒரு பேருந்து. அடுத்தது 2.15-க்கு. இரண்டுமே எனக்குத் தெரியும்.

தங்கவேலு தங்கையைப் பார்த்தார். "தொறப்பு விழா நடக்குற அன்னைக்கு வந்தவுகள இல்லேன்னு சொல்லி அனுப்பக் கூடாது ஆத்தா. செத்த நேரந்தானே. பத்தரைக்கு ராகு காலம் பொறந்துரும், அதுக்குள்ள காட்டிரு."

மல்லிகா அடுப்பின் முகப்பில் ஒளிர்ந்த எண்ணைப் பார்த்தார். 190 டிகிரி. என்னையும் பார்த்தார். வேண்டாம், இருக்கட்டும் என்று நான் சொல்வதற்கு அந்த நேரம் போதுமானது.

10.22-க்குத் திறந்தார். தடித்த கையுறை போட்டு இரு கையாலும் வெளியே எடுத்தார். பனங்கருப்பட்டிப் பாகின் நிறம். இளநீர்க்காய் அளவு, வாய் விரிந்து, அடி கனமாக இருந்தது. கொட்டகை இருட்டாக இருந்ததால், "கொஞ்சம் ஜன்னல் பக்கம் வாங்க" என்றேன். வந்தார். வெளிச்சம் குடுவைக்குள் போய் அவருடைய கழுத்தில் விழுந்தது. காற்றும் அதே ஜன்னல் வழியாகத்தான் வந்தது. பதினொரு படங்கள் எடுத்தேன். மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகியிருக்காது. குடுவையைத் திரும்ப உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினார்.

"நல்லா வந்துருக்கா சார்?"

திரையில் காட்டினேன். நன்றாகவே வந்திருந்தது. தங்கவேலு அதைத் தன் கைபேசிக்கு அனுப்பச் சொல்லி வாங்கிக்கொண்டார்.

11.40 பேருந்து ஆறு நிமிடம் தாமதமாக வந்தது. ஜன்னலோர இருக்கை கிடைத்தது. வடமதுரையில் இறங்கி 70 ரூபாய்க்குச் சாப்பாடு சாப்பிட்டேன். இரண்டு மணிக்குத் திண்டுக்கல். மூன்று மணிக்குச் செய்தியையும் படத்தையும் அனுப்பிவிட்டேன்.

மறுநாள் காலை, தங்கவேலுவின் தலைப்பெழுத்தைச் சரிபார்க்க மல்லிகாவை அழைத்தேன். சொன்னார். பிறகு நான் கேட்காமலே மற்றதையும் சொன்னார்.

"நீங்க ரோட்ட எட்டியிருக்க மாட்டீக சார். உள்ள டிக்குன்னு ஒரு சத்தம். அண்ணன் பல்லின்னாரு. எனக்குத் தெரியும். இருந்தாலும் நடுவுல தொறக்கல. ஒரு மணிக்குத்தான் தொறந்தேன். ரெண்டா இருந்துச்சு."

"சிறுமலைக்காரர்?"

"வந்தாரு. ரெண்டு துண்டையும் சேத்து வச்சுப் பாத்தாரு. டீ குடிச்சாரு. வெளியூர்ல ஒரு எடத்துல கேட்டுப் பாக்குறேன்னு போயிட்டாரு."

நான் மன்னிப்புக் கேட்டேன்.

"நீங்க என்ன செய்வீக. தொறந்தது நாந்தானே" என்றார். உலை இரைகிற சத்தம் கேட்டது. "அந்தத் துண்டுகளத் திரும்ப உருக்கப் போட்டாச்சு."

பக்கம் இன்னும் அச்சுக்குப் போகவில்லை. அலுவலகத்தை அழைத்து விவரத்தைச் சொன்னேன். படம் நன்றாக இருக்கிறது, வேறு படம் இல்லை, கட்டுரையில் ஒரு வரி சேர்த்துவிடலாம் என்றார்கள். அந்த வரியை எழுதி அனுப்பினேன். பக்கத்தில் அதற்கு இடமில்லாமல் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை படம் நான்கு பத்தி அகலத்தில் வந்தது.